வள்ளப் பலகையில் செய்த கதவு

அறுபத்து நாலாம் வருடம் டிசம்பர் மாதப் புயலில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனபோது நான் ராமேஸ்வரத்தில் இருந்தேன். செட்டிநாட்டுக் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமான யாத்ரீகர் சத்திரத்தில் என் வீட்டுக்காரர் மேனேஜர். சத்திரத்தின் பக்கவாட்டில் இருந்த இரண்டு அறைகள்தான் எங்கள் குடித்தனம். பிள்ளைகளை அரைப் பரீட்சை லீவுக்குப் பரமக்குடியில் என் அம்மா வீட்டில் விட்டிருந்தோம். பாம்பன் பாலம் போய்விட்டது. ரயில் இல்லை, தந்தி இல்லை. அவர்களைப் பற்றி எங்களுக்கும், எங்களைப் பற்றி அவர்களுக்கும் ஒன்றும் தெரியாத நாட்கள் அவை. என் கதையை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை.

புயல் ஓய்ந்ததும் தனுஷ்கோடியிலிருந்து தப்பியவர்கள் மணல் மேடுகளின் மேலாக நடந்தும், அகப்பட்ட வள்ளங்களில் ஏறியும் வந்து சேர்ந்தார்கள். சிலரை மண்டபம் முகாமுக்கு அனுப்பினார்கள். கடல் இன்னும் அடங்காததால் மற்றவர்கள் ஊரிலிருந்த சத்திரங்களில் தங்கினார்கள். எங்கள் சத்திரத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் மீன்பிடிக்கிற கிறிஸ்தவக் குடும்பங்கள். உடுத்தியிருந்த துணிதான் சொத்து. அதுவும் சிலருக்கு முழுசாக இல்லை. யாத்ரீகர்கள் மூன்று நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்று வாசல் கல்லிலேயே வெட்டியிருக்கும். என் வீட்டுக்காரர் அந்தக் கல்லைப் பார்க்காதவர் மாதிரி கதவை அகலத் திறந்துவிட்டார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

யாத்ரீகர்களுக்குச் சமைக்கிற பெரிய அண்டாவில் நான் கஞ்சி காய்ச்சினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலை செய்துகொண்டே எல்லோரையும் அதட்டிக்கொண்டிருப்பேன். புயலில் எல்லாம் இழந்தவர்களிடம் அப்படிப் பேசலாமா என்று என் வீட்டுக்காரர் கண்ணால் ஜாடை காட்டுவார். ஆனால் அவர்களுக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். மற்ற எல்லோரும் அவர்களிடம் துக்க வீட்டில் பேசுகிற குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். வைவதற்கும் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

வந்தவர்களில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி இருந்தாள். தலைப்பிரசவம். புருஷன் நெட்டையான ஆள், அதிகம் பேசமாட்டார். அந்த ராத்திரி இவளை முதுகில் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தவர். கூடவே அவளுடைய மாமியார். சின்ன உருவம், பெரிய குரல். முதல் நாளே அந்த அம்மாளுக்கும் எனக்கும் ஒத்துப்போயிற்று. நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள்.

ஊர் மருத்துவச்சி வந்து பார்த்தாள். வலி எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், மண்டபத்துக்கு வள்ளத்தில் அனுப்பினால் நடுக்கடலில்தான் பிறக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போதுதான் சிக்கல் ஆரம்பித்தது.

வாசல் கல்லில் இன்னொரு விதியும் வெட்டியிருந்தது. பிறப்புத் தீட்டோ இறப்புத் தீட்டோ சத்திரத்துக்குள் ஆகாது. ராமநாத சுவாமியைத் தரிசிக்க விரதமாக வருகிறவர்கள் தங்கும் இடம் அது. கூடத்து மாடத்தில் பிள்ளையார் இருந்தார், தினப்படி பூசை உண்டு. நாள் நெருங்கிய கர்ப்பிணிகளுக்கு இடம் கொடுப்பதே இல்லை. எங்களுக்கு முன்னால் இருந்த மேனேஜர், இறந்துபோன யாத்ரீகர் ஒருவரின் உடலை விடிகிறவரை கூடத்தில் வைத்திருந்ததற்காக வேலையை இழந்தவர். வள்ளம் ஓடத் தொடங்கியதும் முதலாளி வீட்டுக் காரியஸ்தர் வந்து பார்ப்பார் என்பதும் நிச்சயம். வேலை போனால் எங்களுக்கும் குடியிருக்க இடம் இல்லை. என் வீட்டுக்காரர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் முகம் தெளிந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அந்த நெட்டை மனிதரை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்.

"கவலைப்படாதீக. பின்னால வண்டிக் கொட்டகை இருக்கு. மாட்டை அவுத்து வெளிய கட்டிருவோம். சாணி போட்டு மெழுகி, நல்ல வைக்கோலாப் பரப்பிக் குடுத்திருவோம். காத்து அடிக்காம சுத்திலும் ஓலை வச்சுக் கட்டிரலாம். பிரசவத்துக்கு அதைவிடத் தோதான எடம் கெடையாது."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். அவர்களோடு உபதேசியார் ஒருவர் இருந்தார். பாதிரியார் வராத நாட்களில் அவர்கள் கோயிலில் ஜெபம் சொல்லிவைக்கிற மனிதர். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த நெட்டை மனிதர் மட்டும், "சரிங்கய்யா" என்றார்.

கொட்டகை என்று சொன்னதில் அவர்கள் மனம் புண்பட்டுவிட்டது என்று என் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அரிசி புடைக்கும்போது மாமியார்க்காரியிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தெரியாதா தாயி? எங்க மாதாவும் நெறமாசமாத்தான் ஊர் விட்டு ஊர் போனாக. சத்திரத்துல போயி அவுக புருசன் சூசையப்பரு எடம் கேட்டாரு. எடமில்லைன்னுட்டாக. மாட்டுக் கொட்டகையிலதான் பாலன் பொறந்தாரு, வைக்கோல் மேல. மேனேசரய்யா வைக்கோல்னு சொன்னதும் எங்களுக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு."

"அப்ப கோவம் இல்லையா?"

"கோவமா? மாதாவுக்குக் கெடைச்ச எடந்தான எம் மருமகளுக்கும் கெடைச்சிருக்கு."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. பெருமையாகவே சொன்னாள். எனக்குத்தான் கை ஓடவில்லை. ராமேஸ்வரத்தில் தெருவுக்குத் தெரு சத்திரம். பிறந்த நாளிலிருந்து 'சத்திரத்தில் இடமில்லை' என்கிற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள், கடைசியில் ஒரு சத்திரத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். அந்தக் கதையே தெரியாத சத்திரக்காரர் அதில் வருகிற ஆள் மாதிரியே பேசிவிட்டார். இதை எல்லாம் யார் ஏற்பாடு செய்கிறார்கள் என்று அன்றைக்கு ரொம்ப நேரம் யோசித்தேன்.

கிறிஸ்மஸ் வந்ததும் போனதும் அவர்களுக்குத் தெரியவில்லை. பிணம் தேடிக்கொண்டிருந்த நாட்களில் அது போய்விட்டது. மெழுகுவத்தி ஒன்றுகூட ஏற்றவில்லை என்று பெண்கள் அழுதார்கள். பாலனைத் தேடிப் பரிசோடு வந்த மூன்று ராசாக்கள் திருநாள் வரைக்கும் குடில் வைக்கலாம், அதற்கு இன்னும் சில நாள் இருக்கிறது என்று உபதேசியார்தான் சொன்னார். வருடா வருடம் கோயிலில் வைக்கிற சுரூபங்கள், அதாவது மாதா, சூசையப்பர், பாலன் பொம்மைகள், கோயிலோடு கடலுக்குப் போய்விட்டன. மாமியார்க்காரி தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "சுரூபம் இல்லேன்னா என்னா, இது இருக்குல்ல?" என்றாள். அந்த வண்டிக் கொட்டகையிலேயே, மருமகள் படுக்கப்போகிற இடத்துக்கு எதிரிலேயே, குடில் வைப்பது என்று முடிவாயிற்று.

இதில் என் பங்கும் உண்டு. நவராத்திரிக்கு நான் கொலு வைப்பேன், பொம்மைகளில் பாதி என் கைவேலை. காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து உரலில் இடித்துக் கூழாக்கினால் அதில் எதை வேண்டுமானாலும் பிடிக்கலாம். சத்திரத்துச் சாமான் அறையில் இருந்த பழைய பத்திரிகைக் கட்டுகள் எல்லாம் புயலில் ஊறிக் கிடந்தன, பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. நான் கூழ் இடித்துக் கொடுத்தேன். உடம்புக்குக் கயிறும் ஓலையும், கரையில் ஒதுங்கிய வலையின் மிதப்புக் கட்டைகளும். முகத்துக்கும் கைக்கும் என் கூழ். வண்ணத்துக்குச் சுண்ணாம்பு, காவி, அடுப்புக்கரி, மஞ்சள். கொட்டகையில் பகல் முழுவதும் வேலை நடந்தது. ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள்.

கிறிஸ்தவர்கள் வைக்கிற குடிலை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதனால் எது வழக்கம், எது புதுசு என்று எனக்குத் தெரியாது. உபதேசியாரின் முகம் மாறுவதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் அவர் முகம் மாறியது மாதாவைப் பார்த்து. மாதாவைச் செய்தவள் அந்தக் கர்ப்பிணிப் பெண்ணே. வழக்கமாக மாதா முழங்காலிட்டுக் கைகூப்பி இருப்பாராம். இவள் செய்த மாதா வயிறும் பிள்ளையுமாக நின்றாள், ஒரு கையை இடுப்பில் முட்டுக் கொடுத்துக்கொண்டு, கால் விரல்களை அகற்றி ஊன்றியபடி. வீங்கிய கால்களைக்கூட விடாமல் செய்திருந்தாள்.

"மாதா வயித்தோட நிக்கிற சுரூபம் எங்கயும் கெடையாதும்மா," என்றார் உபதேசியார்.

பதில் மாமியாரிடமிருந்து வந்தது. "ஏன் கெடையாது? நடந்துதான வந்தாக? வயிறு இல்லாமயா நடந்து வந்தாக?"

உபதேசியார் அடுத்த பொம்மையைப் பார்க்க நகர்ந்தார்.

சூசையப்பரைச் செய்தவர் அந்த நெட்டை மனிதர். சுரூபங்களில் அவர் கையில் கோலோ பூவோ இருக்குமாம். இவர் வெறுங்கையாகச் செய்தார். இரண்டு கைகளும் கொஞ்சம் முன்னால் நீண்டு, உள்ளங்கை மேலே பார்த்தபடி விரிந்திருந்தன. பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மனைவியோடு எங்கள் வாசலுக்கு வந்த அன்றைக்கு அவர் அப்படித்தான் நின்றார். ஒன்றுமே கேட்கவில்லை. கைகளை மட்டும் காட்டினார். தான் நின்ற கோலம் அவருக்கே தெரிந்திருக்கிறது.

தேவதூதர்களை அவர்கள் சம்மனசு என்பார்கள். சம்மனசுகள் இரண்டையும் ஒரு தாய் செய்தாள். அந்தப் புயலில் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவள். யாருடனும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள், கூழைக் கண்டதும் எழுந்து வந்து கை நீட்டினாள். ஒரு சம்மனசுக்கு முன்பல் இல்லை. இன்னொன்று கட்டை விரலைச் சூப்பிக்கொண்டிருந்தது. வேலை செய்கிற கைகளைத் தவிர அவளிடம் எதுவும் அசையவில்லை. சம்மனசுக்கு ரெக்கை உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் ஓலையை நறுக்கி ரெக்கை மாதிரி செய்து அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"ரெக்கை இருந்திருந்தாத் தப்பிச்சிருக்கும்ல தாயி," என்றாள்.

உபதேசியார் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. உட்கார்ந்து, தானும் கொஞ்சம் கூழ் கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று ராசாக்களையும் அவரே செய்தார். எந்த ராசாவின் கையிலும் பொன் இல்லை. ஒருவர் தலையில் அரிசி மூட்டை வைத்திருந்தார், தொப்பியும் கைலியுமாக. பெரியபட்டினத்திலிருந்து வள்ளத்தில் அரிசி கொண்டுவந்து இறக்கிய மரக்காயரை எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது. இன்னொருவர் காய்ந்த வேட்டி ஒன்றை மடித்து ஏந்தியிருந்தார். மூன்றாமவர் கையில் தீப்பெட்டி. மணல் மேட்டில் எல்லோரும் விறைத்துக் கிடந்தபோது யாரோ ஒரு மனிதர் மெழுகுத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தாராம். யார் எவர் என்று தெரியாது. விடிந்தபோது ஆளைக் காணோம். அந்த ராசாவுக்கு மட்டும் உபதேசியார் கிளிஞ்சலில் கிரீடம் வைத்தார்.

குடிலுக்குக் குகையோ கொட்டகையோ கட்டுவதுதான் வழக்கமாம். இவர்கள் சத்திரத்தைக் கட்டினார்கள். எங்கள் சத்திரத்தையே. கடற்பாறைக் கல்லை அடுக்கிச் சுவர், அதில் சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாக, முன்னால் தூண்கள், வாசல் பக்கத்தில் விதி எழுதிய கல்கூட இருந்தது. கொட்டகைக்குள் வைக்கிற குடிலில் இன்னொரு கொட்டகை எதற்கு என்றாள் மாமியார்க்காரி. வெளியே சூசையப்பரும் வயிற்றோடு மாதாவும். குழந்தை இன்னும் பிறக்கவில்லை. உள்ளே, வாசல் நிழலில், கொத்துச்சாவியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாற்போல் ஒரு ஆள். யார் என்று நான் கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடியே சொல்லிவிட்டது.

எல்லாம் முடிந்தும் வாசலுக்குக் கதவு வைக்காமல் விட்டிருந்தார்கள். அந்த நெட்டை மனிதர் என்னிடம் வந்தார். கையில் ஒரு துண்டுப் பலகை.

"இது எங்க வள்ளத்துப் பலகைங்கம்மா. இதான் கெடைச்சுச்சு. கதவை மட்டும் நீங்க செஞ்சு குடுங்க. ஒங்க வீட்டுக் கதவை நாங்க செய்யிறது முறையில்ல."

"தொறந்து வைக்கவா, சாத்தி வைக்கவா?"

"எங்க வேதத்துல சாத்தியிருக்கும்மா. நீங்க வைக்கிறது ஒங்க இஷ்டம்."

அந்த மனிதருக்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே சொத்து அந்தப் பலகை. அதை வாங்கிக்கொண்டு நான் வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். பொம்மை எத்தனையோ செய்திருக்கிறேன், ஒரு பொருளைக் கையில் எடுக்கப் பயந்தது அன்றைக்குத்தான். அது நல்ல வைரம் பாய்ந்த மரம். அரிவாள்மனைக்கும் கத்திக்கும் மசியவில்லை. நான் படுகிற பாட்டைப் பார்த்து என் வீட்டுக்காரர் ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு அறுக்க ஆரம்பித்தார்.

"இது என்னா கதவு?" என்று கேட்டார்.

அவர் அதுவரை கொட்டகைப் பக்கம் போகவில்லை. அவர்கள் பண்டிகை, நமக்கென்ன என்று இருந்தார். எனக்குச் சொல்ல வேண்டும் என்றும் இருந்தது, சொல்லப் பயமாகவும் இருந்தது. மாமியார்க்காரி சொன்ன கதையை அவள் சொன்ன மாதிரியே சொன்னேன். அவர் அறுத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தச் சத்திரக்காரன் என்னா சொன்னான்?"

"எடமில்லைன்னான்."

"நெறமாசக்காரியவா? அப்புறம் அவுக எங்கதான் போனாக?"

"மாட்டுக் கொட்டகைக்கு. வைக்கோல் பரப்பி அங்கனதான் பிரசவம்."

ரம்பம் பாதிப் பலகையில் நின்றது. அவர் அதை எடுக்கவும் இல்லை, தொடரவும் இல்லை. "அதுக்குத்தான் எல்லாரும் பேசாம இருந்தாகளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பலகையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கொட்டகைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

குடிலின் முன்னால் குனிந்து எல்லாவற்றையும் பார்த்தார். சூசையப்பரின் கைகளைப் பார்த்தார். வாசல் நிழலில் நின்ற அந்தக் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். கர்ப்பிணிப் பெண் வைக்கோலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாமியார்க்காரி அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னையக் கெட்டவனா வச்சிருக்கீகளோ?" என்றார் என் வீட்டுக்காரர். குரல் அவருடைய குரலாக இல்லை.

மாமியார்க்காரி பதறி எழுந்தாள். "அய்யய்யோ, இல்லய்யா! சின்ன வயசுலருந்து அந்தச் சத்திரக்காரனை வஞ்சுக்கிட்டேதான் இருந்தோம். இங்கன வந்து உங்களப் பாத்தப்பறந்தான் வெளங்குச்சு. ஊரே வந்து நின்னா அவன் எத்தனை பேருக்குத்தான் எடம் குடுப்பான்? அவனுக்கு மேல யாரு இருந்தாகளோ, என்ன கட்டுப்பாடோ! இல்லைன்னு சொல்லிட்டு ராத்திரி அவன் தூங்கியிருப்பானா, பாவம்? அதான் அவனையும் குடில்ல வச்சோம். அவனும் இருக்கட்டும்னு."

இதை எழுதும்போதும் எனக்குக் கண் நிறைகிறது. வீடு இல்லை, வள்ளம் இல்லை, மாற்றிக்கட்டத் துணி இல்லை. அப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்து, இடமில்லை என்று சொன்னவனுக்காக இரக்கப்பட்டிருக்கிறார்கள். இத்தனை காலமாக அந்தக் கதையில் வெளியே நிறுத்தப்பட்டிருந்தவன் அவன்தான் என்று கண்டுபிடித்து, குடிலுக்குள் அவனுக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். எத்தனையோ கோபுரங்களையும் தேர்களையும் பார்த்து அண்ணாந்து நின்றிருக்கிறேன். முழ உயரம்கூட இல்லாத அந்தக் கூழ்ப் பொம்மைகளுக்கு முன்னால் நின்றது போல் எங்கேயும் நின்றதில்லை. கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

என் வீட்டுக்காரர் வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் கொத்துச்சாவி. சத்திரத்தில் முதலாளி குடும்பத்துக்கென்று ஓர் அறை உண்டு. கட்டில், மெத்தை, கம்பி போட்ட பெரிய ஜன்னல். அவர்கள் வரும்போது தவிர மற்ற நாளில் பூட்டியே இருக்கும். அதைத் திறந்துவிட்டு வந்திருந்தார்.

"மருமகளை உள்ள கூட்டியாங்க," என்றார். மாமியார்க்காரி நம்பாமல் நின்றாள். வைக்கோலே போதும் அய்யா, மாதாவுக்கே அதுதான் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.

"அது அந்தச் சத்திரம். இது நம்ம சத்திரம்," என்றார் அவர்.

பிள்ளையார் பூசை என்னாகும் என்று நான்தான் கேட்டேன். தீட்டு கழிகிறவரை பிள்ளையார் பட்டினி கிடந்தால் ஒன்றும் கோவித்துக்கொள்ள மாட்டார், அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே என்றார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் சாமி விஷயத்தில் விளையாட்டாகப் பேசிக் கேட்டதில்லை.

மறுநாள் விடிந்து வெயில் ஏறும்போது அந்த அறையில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. மருத்துவச்சி வெளியே வந்து சொன்னதும், கூடத்தில் இருந்த பெண்கள் குலவை போட்டார்கள். புயலுக்குப் பிறகு அந்தச் சத்திரத்தில் சந்தோஷச் சத்தம் கேட்டது அதுதான் முதல் தடவை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்தத் தாயும் வந்து வாசலில் நின்று, குழந்தையைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். பார்த்த நேரம் முழுவதும் அழுதாள், ஆனால் பார்த்தாள்.

பாதியில் நின்ற கதவை அன்றைக்கே அறுத்து முடித்தோம். ஆணி அடிக்காமல் வலைநூலால் நிலையோடு சேர்த்துக் கட்டினேன். திறந்தே வைத்தேன்.

மூன்று ராசாக்கள் திருநாளன்று ஊரிலிருந்து கிறிஸ்தவர்களும் இந்துக்களும் குடில் பார்க்க வந்தார்கள். உபதேசியார் ஜெபம் சொன்னார். அரிசி மூட்டையும் வேட்டியும் தீப்பெட்டியுமாக ராசாக்கள் சத்திரத்து வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். மாதாவும் சூசையப்பரும் இப்போது வெளியே இல்லை. திறந்த கதவுக்கு உள்ளே, கண்ணாடிக்காரருக்குப் பக்கத்தில் நின்றார்கள். யார் எடுத்து உள்ளே வைத்தது என்று எனக்குத் தெரியாது. பாலன் சுரூபம் மட்டும் எங்கேயும் இல்லை. வந்தவர்கள் குனிந்து தேடிவிட்டுப் பாலன் எங்கே என்று கேட்டார்கள். மாமியார்க்காரி உதட்டில் விரலை வைத்து, மறு கையால் முதலாளி அறையைக் காட்டினாள்.

"உள்ள தூங்குது. சத்தம் போடாதீக."

சிலர் சிரித்தார்கள். சிலர் அந்த அறைப் பக்கம் திரும்பி முழங்காலிட்டார்கள். நான் இரண்டையும் செய்யத் தெரியாமல் அண்டாவைப் பார்க்கப் போய்விட்டேன்.

காரியஸ்தர் வந்தார். அறையைப் பார்த்தார், விதி எழுதிய கல்லைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைத் தாறுமாறாகப் பேசிவிட்டுப் போனார். மூட்டை கட்டத் தயாராக இருந்தோம். சில வாரம் கழித்து முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்தபோது என் வீட்டுக்காரர் கொத்துச்சாவியை ஒப்படைக்க எடுத்து வைத்துக்கொண்டார். அந்த வீட்டு ஆச்சி ஒன்றே ஒன்று கேட்டு அனுப்பியிருந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பிரசவ லேகியம் கிளறிக் கொடுத்தீர்களா என்று. கூடவே ஒரு ஜாடியில் லேகியமும் வந்திருந்தது. வேலை தப்பியது.

கோடைக்குள் அவர்களுக்குத் தீவிலேயே வேறு பக்கம் குடிசை போட இடம் கிடைத்தது. போகும்போது குடிலைப் பிரித்து அவரவர் செய்ததை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடிக்காரரை என் வீட்டுக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். கதவை நான் அந்த நெட்டை மனிதரிடம் நீட்டினேன். அவர் வள்ளத்தில் மிச்சம் அதுதானே. குடிசைக்குக் கதவு போட்டதும் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். மகள் நடக்கப் பழகியபின் ஒருநாள் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் ஓடிப்போய்க் கதவை எடுத்து வந்தேன். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"எங்க வீட்டுக்குக் கதவு வச்சாச்சும்மா. இது இங்கனயே இருக்கட்டும்."

இப்போது பரமக்குடியில் எங்களுக்கென்று சொந்த வீடு இருக்கிறது. உள்ளங்கை அகலமே உள்ள அந்தக் கதவு எங்கள் சாமி அலமாரியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கிறது. வாசலில் யாராவது வந்து கூப்பிட்டால், என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் என் கண் அவர்களுடைய கைகளுக்குத்தான் போகிறது. அவை வெறுமையாக விரிந்திருந்தால், நான் எழுந்துபோய்க் கதவை முழுசாகத் திறந்து வைக்கிறேன்.